வடக்குச் சுவரில் மூன்று பொட்டலம் நீலம்

இருபத்தாறு வருடம் நான் ஒரு தேவாலயத்துக்கு வெளியே நின்று வேலை செய்தவன். உள்ளே நடந்த பிரசங்கங்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த அளவுதான். அந்தச் சுவரோ என் முழங்கை நீளத்தை விடத் தடிப்பு. ஆகவே என் சமய அறிவை ஒருவரும் சோதிக்க வேண்டாம். சுவரைப் பற்றிக் கேளுங்கள், நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போகும் மட்டும் சொல்லுவேன். போனவர்களின் பட்டியல் என் மனைவி ராணியிடம் இருக்கிறது.

இதை எழுத வைத்தது ஒரு வாளி. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பழைய கம்பனியில் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் பாண், சீஸ், கோப்பி. மூலையில் வரிசையாக மூடி போட்ட வாளிகள். இளம் மேசன் ஒருவன் பெருமையாகக் காட்டினான்.

"பார் தம்பி, இனிச் சுண்ணாம்பு கலக்கத் தேவையில்லை. மூடியைத் திறக்கிறது, அடிக்கிறது. பிழை விட இடமே இல்லை."

'தம்பி' என்று அவன் கூப்பிட்டது மரியாதைக் குறைவில் அல்ல. என் பெயர் தம்பிராசா. டெனிஷ் வாய்க்கு முதல் பாதியே போதும். இதனால் அறுபத்தொன்பது வயதில் நான் இந்த நாட்டுக்கே தம்பி.

"பிழை விட இடமில்லை" என்றதும் மேசையில் இருந்த பழைய ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும். நான் இருக்கும் இக்காஸ்ட் நகரப் பக்கத்து எங்கள் தமிழ் ஆட்களுக்கும் தெரியும், ஆனால் பிழையாகத் தெரியும். கடைசியாக ஒரு கலியாண வீட்டில் கேட்டபோது நான் அந்தத் தேவாலயத்தை இடித்தே போட்டிருந்தேன். அதனால் சரியானதை நானே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்தேன். இக்காஸ்டில் பின்னல் ஆலையில் வேலை. பிறகு மெசின்கள் எல்லாம் கூலி குறைந்த நாடுகளுக்குப் போயின, நாங்கள் இங்கேயே நின்றோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் "என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "என்னவும் செய்வன்" என்றேன். மரியாதைக்குச் சொன்னதை நம்பி, மேசன் வேலைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஒரு கல்லைக்கூட இன்னொரு கல்லின்மேல் வைத்தறியாதவன் நான். பயிற்சியில் நான் கட்டிய முதல் சுவரைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

என்னை வேலைக்கு எடுத்தவர் பிரெபன். விபோர்க் நகரத்துக்குத் தெற்கே, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் சிறிய கம்பனியின் முதலாளி. பயிற்சிக்கு வந்தவர்களில் என்னை ஏன் எடுத்தார் என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். நான் கதைக்காமல் இருந்தேன், அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கு டெனிஷ் வராததால் வாய் மூடி இருந்ததை அவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். பிறகு மொழி வந்து நான் கதைக்கத் தொடங்கியபோது பாவம், காலம் கடந்துவிட்டது.

அவர் ஒரு நாளைக்குச் சொல்லும் சொற்களை ஒரு கை விரலில் மடக்கலாம். மற்றதெல்லாம் "ம்." நல்ல வேலைக்கும் "ம்", கெட்ட வேலைக்கும் "ம்". வித்தியாசம், கெட்ட வேலைக்கு "ம்" சொன்னபிறகு அவரே தூரிகையை எடுப்பார். காலையில் வான் வண்டியிலிருந்து இறங்கினால் சாமானைத் தொட மாட்டார். நேரே சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றில் ஏணியை இறக்கச் சொல்லுவார், அல்லது "இண்டைக்கு இல்லை" என்று திரும்பிவிடுவார். அப்படித் திரும்பிய நாளிலெல்லாம் பின்னேரம் மழை வந்தது என்று சொல்ல ஆசைதான். பாதி நாள் வெயில் எறித்தது. ஆனால் அவர் கை வைத்த சுவர் ஒன்றும் கெட்டதில்லை.

சுண்ணாம்பு அடிப்பதை எல்லோரும் பெயின்ட் அடிப்பது என்று நினைக்கிறார்கள். இல்லை. நீற்றிய சுண்ணாம்பு ஒரு வருடமாவது தண்ணீருக்கு அடியில் கிடந்து வெண்ணெய் மாதிரி வரவேண்டும். அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கலக்கி, வடிகட்ட வேண்டும். கலவை சரியா என்று பார்க்கப் பிரெபன் கட்டைவிரலை வாளிக்குள் விட்டு எடுப்பார். விரலில் ஒட்டிய வெள்ளைக்குள்ளால் நகம் தெரிய வேண்டும். நகம் மறைந்தால் கலவை தடிப்பு, ஊற்று இன்னும் தண்ணீர். சுவரை முதலில் நனைக்க வேண்டும். வெயில் நேரே விழும் பக்கத்தில் அடிக்கக்கூடாது, காற்றில் அடிக்கக்கூடாது, உறைபனி போகமுன் அடிக்கக்கூடாது. மேலும் கீழும் ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. மெல்லிய பூச்சு. ஒரு நாள் காய விட்டு அடுத்த பூச்சு.

இதில் புதியவனை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அடிக்கும்போது சுண்ணாம்பின் நிறம் தெரியாது. ஈரமாக இருக்கும்போது அது அழுக்குத் தண்ணீர் மாதிரிச் சுவரில் வழியும். வெள்ளை மறுநாள் காய்ந்தபிறகுதான் வரும். அதுவரை நீங்கள் செய்தது சரியா பிழையா என்று உங்களுக்கே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களிடம் இருந்த வேலைகளில் பிரெபன் நேசித்தது ஒரு தேவாலயத்தை. விபோர்க்குக்கும் இக்காஸ்டுக்கும் இடையில், வெறும் புதர்வெளியாக இருந்த நிலத்தின் நடுவில் நிற்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் அங்கே போய்ச் சுவரைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

அந்தத் தேவாலயத்தின் கதையை எனக்குச் சொன்னவர் இங்கா. கட்டடத்துக்குப் பொறுப்பாகச் சபை தெரிந்தெடுத்த அம்மா. உயரமானவர், நேராகக் கதைப்பவர், எங்கள் கோப்பி இடைவேளைக்குக் கேக்கோடு வருவார்.

"எங்கட ஆக்கள் ஜெர்மனியிலை இருந்து வந்தவை. இஞ்சை நல்ல நிலம் தாறம், வரி இல்லை எண்டு ராசா கூப்பிட்டவர். வந்து பாத்தா மணலும் புதரும். பாதிப்பேர் அடுத்த வண்டியிலை திரும்பிட்டினம்."

"மற்றவை?"

"திரும்பிப் போறதுக்கு வழியில்லாதவை நிண்டிட்டினம். உருளைக்கிழங்கு நட்டினம். இந்தப் பக்கத்துச் சனம் கிழங்கையே அப்பத்தான் கண்டது. இருநூற்றைம்பது வருசமாகப் போகுது, எங்களை இண்டைக்கும் கிழங்கு ஜெர்மன்காரர் எண்டுதான் சொல்லுகினம்."

நான் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தேன். "அப்ப எனக்கு இன்னும் இருநூற்று முப்பது வருசம் கிடக்கு."

"கிடக்கு தம்பி. கேக்கை எடு."

கல் வாங்க வசதியில்லாத ஆட்கள் அந்தக் கோயிலைத் தாங்களே கட்டினார்கள். பக்கத்தில் மண் தோண்டி, வயலிலேயே சூளை போட்டு, செங்கல் சுட்டார்கள். சூளையின் நடுவில் கிடந்த கல் நன்றாக வெந்தது, ஓரத்துக் கல் அரைகுறையாக வெந்தது. இரண்டையும் வைத்தே கட்டினார்கள். ஒரு கல்லும் இன்னொரு கல்லின் அளவில் இல்லை. அந்தக் கோணலைச் சரிக்கட்டச் சாந்தை விரல் தடிப்புக்கு வைத்திருக்கிறார்கள். பயிற்சியில் நான் கட்டிய சுவரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வித்தியாசம், அவர்களுடையது நிற்கிறது.

வெளியே ஒரு அலங்காரமும் கிடையாது. நீட்டுச் செவ்வகம், அரைவட்டத் தலை வைத்த ஜன்னல்கள், வண்ணம் இல்லாத வெறும் கண்ணாடி. கோபுரத்துக்குக் கை எட்டவில்லை. அதனால் மேற்கு முகட்டில் மரத்தால் ஒரு சின்னக் கூண்டு, அதில் ஒரு மணி. உள்ளே போனால் ஆச்சரியம். மற்ற டெனிஷ் தேவாலயங்களில் பிரசங்க மேடை பக்கத்தில் இருக்கும். இங்கே பலிபீடத்துக்கு நேர் மேலே, சுவரின் நடுவில் இருக்கிறது. போதகர் பின்னாலிருந்து படியேறி வந்து, எல்லோருடைய தலைக்கும் மேலே திடீரென்று தோன்றுவார். படமில்லை, சிலையில்லை, பார்க்க வேறொன்றும் இல்லை. "சொல்லைக் கேக்க வந்தனியள், சொல்லைக் கேளுங்கோ எண்டுதான்" என்றார் இங்கா. மூன்று நான்கு தலைமுறைக்கு அந்தச் சொல் ஜெர்மன் மொழியிலேயே வந்ததாம். மூன்று பக்கமும் சனம் இருக்க மேல்மாடம். நான் முதல்முறை உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் இவ்வளவு நேராக ஒன்றைக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. பிரெபனிடம் சொன்னேன். "ம்" என்றார். அது நல்ல "ம்".

இனி என் கைங்கரியத்துக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறாம் வருடம். ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனைக்கு முன் அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். மூன்று சுவர் முடிந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரெபனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு வாரம் படுக்கச் சொன்னார். வடக்குச் சுவரை நான் தனியே செய்ய வேண்டும்.

தனியே! முதலாளி என்னை நம்பி ஒரு தேவாலயத்தின் நாலில் ஒரு பங்கைத் தந்துவிட்டார். எனக்குத் தலை கனத்தது. சும்மா வெள்ளையாக முடித்தால் யாருக்குத் தெரியும் இது தம்பிராசா செய்த சுவர் என்று?

எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புக்குள் நீலம் போடுவார்கள். உடுப்புத் தோய்க்கிற அதே நீலம். கொஞ்சம் போட்டால் வெள்ளை பளிச்சென்று எழும்பும். தமிழ்க் கடையில் வாங்கிய பொட்டலங்கள் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்தன. ராணிக்குச் சொல்லாமல் மூன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

முதல் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, கலவையில் ஊற்றி, சுவரில் ஒரு இழுப்பு இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அழுக்குத் தண்ணீர்தான். காணாதாக்கும் என்று இரண்டாவதைப் போட்டேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. ஐரோப்பாச் சுண்ணாம்பு கொஞ்சம் பிடிவாதம் போலும் என்று மூன்றாவதையும் போட்டேன். சுவர் முழுவதும் அடித்து, தூரிகையைக் கழுவி, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வானைத் திருப்பும்போதே கண்டேன். வெளிர் நீலத்தில் ஒரு சுவர். பள்ளிக்கூடச் சட்டைக்கு ராணி நீலம் கூடப் போட்டுவிட்ட நாட்களில் வருமே, அந்த நிறம். சுற்றிவர மணலும் வயலும், நடுவில் புரட்டஸ்தாந்துக் கோயில் ஒன்று ஒரு பக்கம் மட்டும் கிருஷ்ண பரமாத்மா போல நிற்கிறது. உழவு இயந்திரத்தில் ஒருவன் போனான். நிறுத்திப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். அவனும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான். டென்மார்க்கில் எனக்குப் பிடித்த குணம் இது.

அன்றைக்கு நான் வேலை செய்த வேகத்தில் என்றைக்கும் செய்ததில்லை. வெறும் சுண்ணாம்பில் ஒரு பூச்சு. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் மூன்றாவது. பிரெபன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது சுவர் வெள்ளை. உள்ளங்கையை வைத்தார்.

"ம்," என்றார். பிறகு, அந்த வருடத்தின் மிக நீளமான வசனம்: "தனிய நிண்டு நல்லாச் செய்திருக்கிறாய்."

அப்போது சொல்லியிருக்கலாம். பாராட்டு வாய்க்குள் போனபிறகு உண்மை வெளியே வர இடமிருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சபையின் நிர்வாகக் குழு மாறியது. ஆண்டுதோறும் எதற்கு இந்தச் சுண்ணாம்பு, ஒருமுறை அடித்தால் பத்து வருடத்துக்குச் சுவரை மறந்துவிடலாம் என்று ஒரு பெயின்ட் கம்பனி சொன்னது. அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கா ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பெயின்ட் ஏறியது. பிரெபன் அந்த வழியால் வான் ஓட்டுவதையே விட்டார்.

நாலாவது குளிர்காலத்தில் வடக்குச் சுவர் கொப்பளித்தது. பெயின்ட் தோல் மாதிரி உப்பி, தட்டினால் உள்ளங்கை அளவு பொருக்குகளாகக் கீழே விழுந்தது. பின்னால் சுவர் நனைந்து கிடந்தது. ஓகூஸ் நகரிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து ஆராய்ந்து, அறிக்கை எழுதினார். இங்கா அதன் பிரதியைப் பிரெபனிடம் கொண்டுவந்து கொடுத்தார். பிரெபன் வானின் முன்மூடியில் வைத்து வாசித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அறிக்கை சொன்னது இது. விழுந்த பொருக்கின் ஓரத்தைப் பார்த்தால் வெங்காயம் போல வருடாவருடச் சுண்ணாம்பு அடுக்குத் தெரிகிறது. பெயின்டுக்குச் சற்று உள்ளே நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அது சீமெந்து கலந்த பூச்சாக இருக்க வேண்டும். முன்பு வேலை செய்த மேசன்மார் சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசியிருக்கிறார்கள், அதனால்தான் ஈரம் வெளியேற முடியாமல் சுவர் கெட்டது. தீர்வு: வடக்குச் சுவரை வெறும் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்து, புதிதாகச் சாந்து பூச வேண்டும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினான் என்று ஒரு பழைய கட்டட மேசனைச் சொல்வது, சைவ ஐயர் மடைப்பள்ளியில் மீன் பொரித்தார் என்று சொல்வது போல. பிரெபன் காகிதத்தை மடித்தார்.

"அந்தக் கல்லு அரைகுறையா வெந்தது," என்றார். "கொத்தினா மேல்தோல் போகும். தோல் போனா உள்ளுக்குள்ளை வெறும் மாவு. அவை கட்டின சுவர் அதோடை முடிஞ்சுது." காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி: "நான் சீமெந்து தொட்டதில்லை."

"தெரியும் பிரெபன்."

"நான் முதுகுவலியிலை படுத்த வருசம் ஒண்டுதான் நான் இல்லாதது." என்னைப் பார்த்தார். "அப்ப நீதான் நிண்டனி. நீ போடமாட்டாய்."

சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ராணி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது தேவாலயத்துக்காக அல்ல.

"அப்ப என்ரை மூண்டு பொட்டலமும் அதுக்குத்தான் போனதோ? நான் அந்தக் கடைக்காரனோடை சண்டைக்கெல்லோ போனனான், குறைய எண்ணித் தந்திட்டான் எண்டு!"

"அதை விடு ராணி."

"சரி, இஞ்சேருங்கோ. சொன்னா உங்களை வேலையாலை நிப்பாட்டுவினமோ?"

"நிப்பாட்டலாம். கேக்காமல் கோயில் சுவரிலை கண்டதையும் பூசினவனை ஆர் வைச்சிருப்பான்?"

"சொல்லாட்டி?"

"அந்தாளின்ரை பேர் போகும். சுவரும் போகும்."

"அப்ப என்னத்துக்குச் சோறு ஆறுமட்டும் யோசிக்கிறியள்?"

அவள் போய் ஒரு நீலப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இந்தமுறை கேட்டு எடுங்கோ."

சும்மா வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், முதலாளியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்பார்கள். அதனால் கராஜில் இரண்டு செங்கல்லை எடுத்தேன். ஒன்றில் நீலம் போட்ட சுண்ணாம்பு, மற்றதில் சீமெந்து கலந்த சுண்ணாம்பு. ஒரு வாரம் காயவிட்டுச் சுரண்டி எடுத்தேன். அடுப்படியிலிருந்து ஊறுகாய்க்கு விடும் கடுமையான வினாகிரியை எடுத்து இரண்டு கண்ணாடிக் கோப்பையில் விட்டு, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. சீமெந்து போட்டதில் அடியில் சாம்பல் குறுணி தங்கியது. நீலம் போட்டதில் நீலத்தூள் மட்டும் தங்கியது. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் கோப்பைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க விஞ்ஞானம் தேவையில்லை.

சபைக்குழுவின் கூட்டம் ஒரு பின்னேரம் நாலு மணிக்கு, தேவாலயத்துக்கு எதிரே இருந்த சபை மண்டபத்தில். ஏழு பேர், போதகர் அம்மா, பொறியியலாளர். பிரெபன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு மூலையில் இருந்தார். பொறியியலாளர் நல்ல பொடியன், பணிவாகத்தான் கதைத்தார். முடித்ததும் தலைவர் "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கா?" என்றார். கொத்துவதா இல்லையா என்று கை உயர்த்த அவர்கள் ஆயத்தம்.

நான் எழும்பினேன். முதல் நாள் முழுவதும் கண்ணாடிக்கு முன் பாடமாக்கிய டெனிஷ் வசனம் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"அது சீமெந்து இல்லை. அது நான்."

போதகர் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆறு வருசத்துக்கு முதல் பிரெபன் படுக்கையிலை. நான் தனிய. சுண்ணாம்புக்குள்ளை நீலம் போட்டனான். உடுப்புத் தோய்க்கிற நீலம். வெள்ளை இன்னும் வெள்ளையா வரும் எண்டு. சுவர் நீலமாப் போச்சு. மூண்டு பூச்சு அடிச்சு மறைச்சனான். பிரெபனுக்குத் தெரியாது."

மூலைப் பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை. பையிலிருந்து கோப்பைகளையும் வினாகிரியையும் எடுத்தேன். செங்கல்லில் சுரண்டியவற்றை இரண்டில் போட்டேன். பொறியியலாளரிடம் இருந்த பொருக்கில், நீலக் கோடு இருந்த இடத்தைக் கீறி எடுத்துத் தரும்படி அவரையே கேட்டு, மூன்றாவது கோப்பையில் அவர் கையாலேயே போடவைத்தேன். நுரைத்தது. எல்லோரும் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். கேக்கும் கோப்பியும் வினாகிரி மணத்தில் முழுகிவிட்டன.

நுரை அடங்கியது. பொறியியலாளர் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் நீலத்தூள். குறுணி இல்லை. மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"சீமெந்து இல்லை," என்றார். "நான் பிழை."

அந்தப் பொடியனுக்கு அன்றிலிருந்து என் மனதில் ஒரு மரியாதைக் கதிரை உண்டு. நான் ஆறு வருடம் எடுத்த வேலையை அவர் ஒரு மூச்சில் செய்தார்.

"அப்ப ஈரத்துக்குக் காரணம்?" தலைவர் கேட்டார்.

"பெயின்ட்தான். மேலே இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்தாக் காணும். கொத்தத் தேவையில்லை."

இங்காவின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"என்ரை அம்மா கட்டில் விரிப்புக்கு நீலம் போடுறவ!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தம்பி, நீ எங்கட சேர்ச்சைத் தோய்ச்சிருக்கிறாய்!"

அதற்குப் பிறகு கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியவில்லை. போதகர் அம்மா, "ஒருநாள் முழுக்க நீலமா நிண்டதோ? ஒருத்தரும் காணேல்லையோ?" என்று இரண்டு முறை கேட்டார். உழவு இயந்திரக்காரனைப் பற்றிச் சொன்னேன். குழுவில் இருந்த ஒரு கமக்காரர் முகம் சிவந்து, "அது நான். புதுசா ஏதோ அடிப்பூச்சு எண்டு நினைச்சன்" என்றார். கை உயர்த்தினார்கள். கொத்துவதற்கு ஒரு கையும் எழும்பவில்லை. பெயின்டை எடுக்கும் வேலையைப் பிரெபனுக்கே கொடுத்தார்கள்.

வேலை எனக்கு இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது. வானில் பிரெபன் ஓட்டினார், நான் பக்கத்தில். ஐந்து கிலோமீட்டர் போனோம்.

"எத்தினை?" என்றார் றோட்டைப் பார்த்தபடி.

"மூண்டு பொட்டலம்."

"ம்."

இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனோம். விபோர்க் றோட்டில் ஏறியபிறகு சொன்னார்: "மூண்டு கூட. ஒண்டு காணும்." கொஞ்சம் கழித்து: "திங்கக்கிழமை ஆறரைக்கு. சுரண்டியையும் கொண்டு வா."

அந்தக் கோடை முழுவதும் நீராவியாலும் கைச்சுரண்டியாலும் பிளாஸ்டிக்கை உரித்தோம். ஜூனில் தொடங்கி ஓகஸ்டில் முடிந்தது. சுவர் மூச்சு விட்டது. இது நான் சோடிக்கிற பேச்சு இல்லை. உரித்த இடத்தில் காலையில் கையை வைத்தால் ஈரம் வெளியே வருவது உள்ளங்கையில் தெரியும். நானும் வைத்துப் பார்த்தேன், பிரெபன் பார்க்காத நேரமாகப் பார்த்து. அந்தச் செங்கல்களில் ஒன்றுகூடச் சேதமில்லை. பிறகு அவர் ஓய்வு பெற்றார். அந்தச் சுவர்களுக்கு இன்னும் பதினாலு முறை சுண்ணாம்பு அடித்தேன், எல்லாம் வெள்ளை. இன்றைக்கு விபோர்க் பக்கம் போகிறவர்கள் வயலுக்கு நடுவில் அந்தக் கோயிலைப் பார்த்தால், கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள். வெள்ளை என்றால் அதுதான்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. வேலை முடியும் கட்டத்தில், பழைய சுவர்களை ஆராயும் பெண் ஒருவர் வந்தார். உரித்தது உரித்ததாக இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டுமாம். வடக்குச் சுவரின் ஒரு மூலையில் கூரான கத்தியால் ஒவ்வொரு அடுக்காகத் தபால்தலை அளவுக்கு எடுத்து, படிக்கட்டுப் போல இறங்கினார். முதற்படி நேற்று, கடைசிப்படி செங்கல். இரண்டு நாள் முட்டியில் நின்று எண்ணினார். படிவத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வரி: நிறம், பொருள், பூசியவர், காரணம்.

மேலே எங்கள் கம்பனியின் பெயர் சில வரிகளில் இருந்தது. கீழே போகப் போக, பூசியவர்: தெரியாது. தெரியாது. தெரியாது. அந்தச் சூளை போட்டவர்கள், அந்தக் கோணல் கல்லை நேராக்கியவர்கள், முதன்முதலில் வெள்ளையடித்துவிட்டுத் தூர நின்று பார்த்தவர்கள். ஒருவருடைய பெயரும் இல்லை.

நீல அடுக்கின் வரியை மட்டும் கடைசிக்கு விட்டு என்னைக் கூப்பிட்டார். கதை அவருக்கும் எட்டியிருந்தது. என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார்.

"காரணம்?"

"வெள்ளை இன்னும் கொஞ்சம் வடிவா வரட்டும் எண்டு."

"அது பராமரிப்பு இல்லையே."

"இல்லை," என்றேன். "பராமரிப்புக்கு அது தேவையே இல்லை."

பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். ஒரு சொல்லை எழுதி, நான் வாசிக்கப் படிவத்தைத் திருப்பினார். காரணம் என்ற பத்தியில் மேலிருந்து கீழே செங்கல் வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் பராமரிப்பு, பராமரிப்பு, பராமரிப்பு. என் வரியில் மட்டும்: அழகுக்காக.